சம்பு களைதான், ஆனாலும் தொட்டியில் வளர்க்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தோட்டப் பகுதியில் சென்ற மாதம் வெளியான நீர்த்தோட்டக் கட்டுரை, தொட்டியின் பின்புறத்தில் உயரமாக நிற்பதற்கு ஆப்பிரிக்காவின் பாப்பிரஸையும் மடகாஸ்கரிலிருந்து வந்த குடைக்கோரையையும் பரிந்துரைத்துவிட்டு, நம் ஏரிக்கரைகளில் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் சம்பு என்ற கோரை போன்ற நீர்ச்செடியை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாத களை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. அது களை என்பதை நான் மறுக்கவில்லை. வாய்க்காலில் சம்பு மண்டினால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது என்பது எங்கள் பக்கத்து விவசாயிகள் அனைவரும் அறிந்தது. ஆயினும் ஓட்டையில்லாத தொட்டியில் வைத்து, கதிரை உரிய காலத்தில் வெட்டிவிடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாட்டுச் செடி கிடைப்பது அரிது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டின் பின்புறம் எட்டடி நீளத்தில் ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி, அடியில் கொட்டிய சேற்றிலேயே நாலைந்து சம்புக் கிழங்குகளை ஊன்றினேன். இரண்டாம் கோடையில் நீர்மட்டம் நாள்தோறும் இறங்கியபோது வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். குழியைக் காலிசெய்து பார்த்தால், வெள்ளை வெளேரென்ற கிழங்கின் முனை, செருப்புத் தைப்பவரின் குத்தூசி போலத் தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் நீட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒன்றரை அடி அகலமுள்ள, அடியில் துளையில்லாத சிமெண்டுத் தொட்டிக்கு மாறினேன். தென்னை நார்க் கழிவு கலந்த மண் மிதந்து நீரைக் கலக்கிவிடும் என்பதால் வெறும் களிமண்ணையே நிரப்பி, ஒரு சாண் நீளக் கிழங்கைக் குருத்து மேல்நோக்கி இருக்கும்படி படுக்க வைத்து, மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஆற்றுமணல் பரப்பினேன். மண்ணுக்கு மேல் அரையடித் தண்ணீரும் நல்ல வெயிலும் போதும். பழுத்த இலைகளை வெட்டும்போது மட்டும் கவனம் தேவை. இலையைக் குறுக்கே அறுத்தால் தேனடை போன்ற அறைகள் தெரியும். நீருக்கடியில் உள்ள கிழங்குக்குக் காற்று அவற்றின் வழியாகவே இறங்குகிறது. ஆகவே அடிக்கட்டை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி வெட்ட வேண்டும். நீருக்குள் மூழ்கும்படி ஒட்ட அறுத்தால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகிவிடும். குளத்தில் சம்பை ஒழிக்க நினைப்பவர்களுக்கும் இதுவே வழி.

கதிரின் மேற்பகுதியில் உள்ள ஆண்பூக்கள் மஞ்சள் மகரந்தத்தைக் கொட்டும். அதற்குக் கீழே சிறிது இடைவெளி விட்டுப் பழுப்பு நிறப் பெண்கதிர் இருக்கும். அந்த மகரந்தத் தூளை மார்பில் அப்பிக்கொண்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள், பொன் உரைத்த கட்டளைக்கல் போலத் தோன்றியதாகப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அங்கே இதன் பெயர் கண்பு. முற்றிய கதிர் ஒன்றில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் பஞ்சோடு பறக்கக் காத்திருப்பதால், கதிர் கெட்டியாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். அழகுக்காக ஒன்றைக் கூடத்தில் பூச்சாடியில் செருகிவைத்து, அது வெடித்த மறுநாள் திரைச்சீலையிலிருந்து பஞ்சு பொறுக்கியதற்காக வீட்டில் இன்றும் பேச்சு வாங்குகிறேன்.

கிழங்குக்காகப் பள்ளிக்கரணை போன்ற பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். வாய்க்கால் தூர்வாரும் நாளில் கரையில் வாரிப்போட்டதிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாக்கடை கலக்கும் இடத்துச் சம்பு கன உலோகங்களை வேரில் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எங்கிருந்து எடுத்தாலும், ஆகாயத்தாமரைத் துண்டு எதுவும் ஒட்டிக்கொண்டு வராதபடி இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் இறக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி நிறைந்துவிடும். அப்போது பாதியைப் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்த கிழங்கைத் தெருக் கால்வாயில் எறியாமல், மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவைத்த பிறகு குப்பையில் சேர்க்கும்படி வாசகர்களுக்கு ஒரு குறிப்பு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுராந்தகம்.