நிறமில்லாத காடு சோகமான காடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த கரி ஓவியத்தின் கீழே, ‘நிறமின்றிச் சோகம் ததும்பும் காடு’ என்று போட்டிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. எனக்கு அது விடிந்து சற்று நேரமே ஆன காடாகத்தான் தெரிந்தது.

முன்னால் நிற்கும் இரண்டு மரங்களில் மட்டும்தான் முழுக் கறுப்பு. பட்டையின் வெடிப்புகூடக் கூர்மையாகத் தெரிகிறது. அடுத்த வரிசை சாம்பல். ஓரங்களை விரலால் தேய்த்துவிட்டிருக்கிறார் ஓவியர். அதற்கும் பின்னால் மரங்கள் காகிதத்தோடு கரைந்துவிடுகின்றன. ஈரக் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் நிஜக் காட்டிலும் தூரத்து மரம் இப்படித்தான் வெளிறிப்போகும். கிளைகளுக்கு நடுவே இறங்கும் ஒளிக்கீற்று, பூசிய கரியை, மாவுபோல் பிசைந்து உருமாற்றக்கூடிய மெத்தென்ற ரப்பரால் ஒற்றி எடுத்ததால் வந்தது. மற்றபடி அங்கே வெளிச்சம் என்பது அவர் தொடாமல் விட்ட வெறும் காகிதம்தான்.

நானும் கரியில் வரைந்து பழகுகிறவள். வெளிறிய அடிமரம் ஒன்றை வரைய மாதக்கணக்கில் திண்டாடினேன். மரத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் இருட்டை வரைந்த அன்றுதான் மரம் எழுந்து நின்றது. பென்சிலில் அந்த இருட்டு கிடைக்காது, அழுத்தினால் பளபளக்கும். கரி மினுங்காது. அதுவும் வில்லோ மரக் குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்த கரி! மரத்தைக் கொண்டே மரத்தை வரைகிறோம் என்ற நினைப்பு எனக்கு இன்றும் பரவசம் தருகிறது.

ஜப்பானிய ஓவியர் ஹசேகவா தோஹாகு (1539–1610) மையால் தீட்டிய பைன் மரங்கள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு பலகைகளாக மடியும் இரண்டு தடுப்புத் திரைகள், பெரும்பகுதி வெறுமை. அந்த வெறுமையே மூடுபனியாகிவிடுகிறது. அங்கே போய் நிறம் எங்கே என்று கேட்கத் தோன்றுமா?

அப்புறம் ஒரு குறை. அச்சில் கருமை கூடிவிட்டது. இடது மூலையில் புதரும் நிழலும் ஒரே திட்டாக அப்பிக்கிடக்கின்றன. கரி அப்படி அடைத்துக்கொள்ளாது, அதன் இருட்டிலும் காகிதத்தின் சொரசொரப்பு தெரியும். நடுச் சாம்பல்கள் போனால் காட்டின் ஆழமே போய்விடும். இனி ஓவியத்தின் அளவையும் எதில் வரைந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் இதே படத்தைச் சரியான பதத்தில் இன்னொரு முறை வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி