ஓரியூருக்கு அப்போது மேற்றிராணியார் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஓரியூரில் தலை வெட்டப்பட்டு வேதசாட்சியான சேசு சபைக் குரு அருளானந்தர் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. அவர் ரத்தத்தால் சிவந்தது என்று நம்பி அங்குள்ள செம்மணலை அள்ளி முடிந்துகொண்டு போகும் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது, அம்மாவின் முந்தானை முடிச்சு ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. 'அன்றைய மதுரை மறைமாவட்டத்தில் இருந்த ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று' என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு மதுரை மறைமாவட்டம் ஏது? அது பிறந்ததே 1938-ல். அருளானந்தர் உழைத்தது மதுரை மிஷனில். மிஷன் என்பது சேசு சபையார் வேலை செய்த களம். மறைமாவட்டம் வேறு சங்கதி, அது ஓர் ஆயரின் ஆளுகை எல்லை.

அந்த நாளில் ஓரியூர் இருந்த, ராமநாதபுரம் சேதுபதி ஆண்ட மறவர் சீமை கொடுங்கல்லூர் உயர் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. தாத்தா காலத்துப் பேச்சில் சொன்னால், மறைமாவட்டம் மேற்றிராசனம், ஆயர் மேற்றிராணியார். கேரளத்தில் சிரிய மொழியில் பூசை கண்ட மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கென்று அங்கமாலியில் இருந்த ஆசனம் அது. 1609-ல் கொடுங்கல்லூருக்கு மாறியது. அங்கே பேராயராக உட்கார்ந்த பிரான்சிஸ்கு ரோஸ், சிரிய மொழியும் மலையாளமும் கற்ற சேசு சபைத் துறவி. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியச் சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையில் காவியும் குடுமியுமாக இருந்ததைப் பலர் கண்டித்தபோது அவர் பக்கம் நின்றவர் இந்த ரோஸ்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடற்கரைக் கதை வேறு. முத்துக்குளித்துறையும் எங்கள் பக்கத்துக் கரையும் கொச்சி மேற்றிராசனம். ஆக, சேதுபதி ஒருவரே ராஜா. ஆனால் வேதாளையில் வலை உலர்த்தியவருக்குக் கொச்சி, ஓரியூரில் உழுதவருக்குக் கொடுங்கல்லூர். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொடுங்கல்லூர்க் கோட்டை 1662-லேயே டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. அருளானந்தர் தலை விழுந்தபோது, பேராயரின் பட்டத்தில்தான் கொடுங்கல்லூர் இருந்தது, ஊர் கையில் இல்லை.

அப்புறம் 1838-ல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார், போர்ச்சுகல் அரசின் ஆதரவில் இருந்த கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆசனங்களின் அதிகாரத்தைப் பறித்தார். போர்ச்சுகல் பக்கம் நின்ற கோவாக் குருக்கள் ஒப்பவில்லை. புதிதாக வந்த பிரெஞ்சு சேசு சபையாருக்கும் அவர்களுக்கும் கோயில் சாவி யாரிடம் என்பதில் தொடங்கிய தகராறு வருஷக்கணக்கில் இழுத்தது. 1886-ல் கொடுங்கல்லூர் ஆசனம் மூடப்பட்டது. பெயரை மட்டும் டாமன் ஆயரின் பட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். அதே ஆண்டு நாம் திருச்சி மறைமாவட்டம், 1938-ல் மதுரை, 1987-லிருந்து சிவகங்கை.

இதெல்லாம் எனக்கு ஏன் என்கிறீர்களா? போன வருஷம் அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டு வேண்டி ஒரு கடற்கரைப் பங்குக் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் மர பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து வைத்தார். முதல் பக்கங்களில் திருச்சி முத்திரை, நடுவே மதுரை, கடைசியில் சிவகங்கை. ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. உப்புக்காற்றில் தாள் பிசுபிசுத்துக் கிடந்தது. இதைவிடப் பழைய நோட்டு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "இருந்துச்சு சார், ஒரு மழையில கட்டியாப் போச்சு, எடுத்துப் போட்டாச்சு" என்றார், ஏதோ பழைய காலண்டரைச் சொல்வதுபோல.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோட்டையே எடுத்துப் போட்டுவிட்ட பிறகு கொடுங்கல்லூரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால், எஞ்சியிருக்கும் பங்குப் பதிவேடுகளையாவது ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அப்பா பெயர் கிடைத்தது. பெரியப்பா பெயர் உள்ள தாள் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழியும் என்று அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாம்பன்.