தையல் ஆறியும் ஆறாத நோவு

ஆசிரியருக்கு,

பைபாஸ் சத்திரசிகிச்சை பற்றி உங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் தையல் பிரித்த நாளோடு கதை முடிந்துவிட்டது போல எழுதியிருந்தது சரியல்ல. அதற்கு அப்புறமும் சிலருக்கு நோவு போவதில்லை. எனக்கு நெஞ்சைத் திறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் சரி. இருந்தும் தழும்பின் இடப்பக்கம் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது, சட்டை உரசினால் கூடத் தாங்க முடிவதில்லை. நிலாவெளி வீதிக் குழிகளில் ஓட்டோ துள்ளும்போது நெஞ்சை இரு கையாலும் பொத்திக்கொள்வேன். கிளினிக்கில் சொன்னால், “ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே ஐயா, யோசிக்காதீர்கள்” என்று பனடோல் எழுதித் தருகிறார்கள். யோசித்து வருகிற நோவா இது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறையிலுள்ள 11ஆவது பதிப்பு, சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவைத் தனி வகையாகவே சேர்த்திருக்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டு வரும் நோவு எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்கான மருந்துகளும் வேறு. எனவே சத்திரசிகிச்சைக்கு முன் கையொப்பம் வாங்கும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் மாதக் கிளினிக்கில் “இன்னும் நோகிறதா?” என்று கேட்டுக் கொப்பியில் பதியட்டும். திருகோணமலையில் மாதம் ஒரு நாளாவது நோவுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினால், மூதூர், கிண்ணியா ஆட்களுக்கும் கொழும்பு பஸ் ஏறும் அலைச்சல் குறையும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.