எட்டு வாரம், கட்டியும் அழித்தும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பயிற்சியின் கடைசி வாரம் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். மகள் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அலுவலகத்தில் சர்வர்களை எல்லாம் கிளவுடுக்கு மாற்றப்போகிறார்கள், சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கோடாக எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்மும், சர்வருக்குள் இருக்க வேண்டிய அமைப்பைக் கோடாக எழுதும் ஆன்சிபிளும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள், இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு மறுபடி பயிற்சியில் போய் உட்காரத்தான் வேண்டுமா, வீடியோ பார்த்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். உட்கார வேண்டும். வீடியோ போதாது. நானும் முதலில் வீடியோவில்தான் தொடங்கினேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, கீபோர்டில் கை வைத்ததும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நம் முதல் வேலையில் அந்தப் பழைய சர்வரின் டிஸ்க் போன இரவு ஞாபகம் இருக்கிறதா? டேட்டாவுக்கு பேக்கப் இருந்தது. சர்வரை எப்படி அமைத்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன், விடிவதற்குள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் கூட்டம் ஏறியதும் மறுபடி விழுந்தது. லாக் முழுக்க ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’. ஒரு புராசஸ் திறந்து வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை புது சர்வரில் 1024 என்ற வழக்கமான வரம்பிலேயே நின்றிருந்தது. பழையதில் யாரோ எப்போதோ உள்ளே போய் அதை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி எங்கும் எழுதப்படாததால் நமக்கு இன்னொரு இரவும் போனது. இந்த எட்டு வாரமும் அந்த வரிதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சியின் முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. கோட் எதையும் காட்டவில்லை. கிளவுடின் வலைப்பக்கத்தில் கையால் கிளிக் செய்து ஒரு நெட்வொர்க், ஒரு சர்வர், ஒரு ஃபயர்வால் விதி உருவாக்கச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே குறிப்புத் தாள்தான். முடித்துப் பார்த்தால் இரண்டு பேருடையதுகூட ஒன்றுபோல் இல்லை. ஒருவர் தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியை 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிட்டிருந்தார். நான் டிஸ்கின் என்கிரிப்ஷனை விட்டுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதையே டெர்ராஃபார்மில் எழுதினோம். இனிட் தயார்செய்யும், பிளான் என்ன மாறும் என்று காட்டும், அப்ளை அதைச் செய்யும். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழிக்கும் டெஸ்ட்ராய். மறுபடி அப்ளை. ஒவ்வொரு வகுப்பும் டெஸ்ட்ராயில்தான் முடியும். நான்காவது வாரத்தில் அழிக்கும்போது வரும் படபடப்பு நின்றுவிட்டது. மறுபடி எழும் என்ற நம்பிக்கை கைக்கு வந்துவிட்டது. வீடியோவில் இது வராது.

டெர்ராஃபார்மில் மொழி கஷ்டமில்லை, இரண்டு நாளில் பழகிவிடும். நேரம் செலவழிக்க வேண்டியது ஸ்டேட் கோப்பில். நீ எழுதிய பெயருக்கும் கிளவுடில் உண்மையாக இருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பில் அதை வேண்டுமென்றே நீக்கச் சொன்னார்கள். சர்வர்கள் கிளவுடில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன, பிளான் போட்டால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கப்போவதாகச் சொல்கிறது! ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்து திரும்பச் சேர்க்க அன்று மாலை முழுதும் ஆனது. அதனால் அந்தக் கோப்பை உன் கணினியில் வைத்துக்கொள்ளாதே. அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜ் மாதிரி, குழுவினர் மட்டும் அணுகும் ஓர் இடத்தில், பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியோடு வை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்ளை செய்யாதபடி பூட்டும் போட்டு வை. கோடைச் சேமிக்கும் கிட்டில் அதை ஏற்றவே கூடாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டெர்ராஃபார்மில் சாதாரணமாகக் கொடுத்தால் அது ஸ்டேட்டில் அப்படியே எழுத்தாக உட்கார்ந்திருக்கும். ‘சென்சிட்டிவ்’ என்று குறித்தால் திரையில்தான் மறையும், கோப்பில் மறையாது. நம் பக்கம் பலருக்கு இது தெரியவில்லை, எனக்கு அது கவலையாகவே இருக்கிறது.

அப்புறம், பிளானை வாசிக்கும் பழக்கம். கோப்புகளை வைக்கும் மூன்று ஸ்டோரேஜ் பக்கெட்டுகளின் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி, ‘கவுன்ட்’ வைத்து உருவாக்கியிருந்தேன். முதலாவது வேண்டாம் என்று பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தேன். ஒன்றுதான் போகும் என்று நினைத்து பிளானை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘யெஸ்’ அடித்தேன். கவுன்ட் பெயரைப் பார்ப்பதில்லை, வரிசை எண்ணைப் பார்க்கிறது. இரண்டாவது முதலாவதாக நகர்ந்தது, மூன்றாவது இரண்டாவதாக. பக்கெட்டின் பெயரை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது, அழித்துத்தான் புதிதாக உருவாக்க முடியும். பயிற்சி என்பதால் உள்ளே கோப்புகள் இருந்தாலும் அழிக்கலாம் என்று முன்பே அனுமதி வைத்திருந்தோம். மூன்றிலும் இருந்தவை போய்விட்டன. பிளானில் அழித்து மறுபடி உருவாக்குவதைக் காட்டும் ‘-/+’ குறியும் ‘ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற சொல்லும் தெளிவாக இருந்தன, நான்தான் வாசிக்கவில்லை. இப்போது பட்டியல் என்றால் ‘ஃபார் ஈச்’தான் எழுதுகிறேன், அதில் ஒவ்வொன்றும் தன் பெயரோடு ஒட்டியிருக்கும். டேட்டா இருக்கும் இடங்களில் அழிப்பதைத் தடுக்கும் ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ வைக்கிறேன். அந்த அனுமதியையும் நிஜ வேலையில் தொடுவதில்லை.

ஆன்சிபிள் உனக்கு இன்னும் எளிதாக வரும். ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற தனி மென்பொருளை நிறுவ வேண்டாம். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடும், அந்தப் பக்கம் பைத்தான் இருந்தால் போதும். செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைத்த பிளேபுக்கை முதல் தடவை ஓட்டினால் மாற்றங்கள் வரும். உடனே இரண்டாம் தடவை ஓட்டினால் மாற்றங்களின் எண்ணிக்கையான ‘சேஞ்ச்டு’ பூஜ்யமாக இருக்க வேண்டும். பயிற்சியில் இரண்டாம் ஓட்டத்துக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். நம் பழைய பாஷ் ஸ்கிரிப்ட் பழக்கத்தில் எல்லாவற்றையும், கட்டளையை அப்படியே ஓட்டும் ‘ஷெல்’ மாட்யூலில் எழுதினேன். அது என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் மாற்றம் என்றே சொல்லும். பேக்கேஜ், டெம்ப்ளேட், சர்வீஸ் என்று அதற்குரிய மாட்யூல்களுக்கு மாற்றிய பிறகுதான் பூஜ்யம் வந்தது. கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கிற ஸ்கிரிப்டை எத்தனை தடவை ஓட்டி, எத்தனை தடவை அதே வரி வந்து நின்றிருக்கிறது!

ஒரு விஷயத்தில் நீ ஏமாந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கான்ஃபிக் கோப்பு மாறினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய ஹேண்ட்லர் எழுதுவோம். ஹேண்ட்லர் உடனே ஓடாது, வழக்கமாக எல்லா வேலைகளும் முடிந்த பிறகே ஓடும். நடுவில் வேறொரு வேலை தோற்றுப் பிளேபுக் நின்றுவிட்டால் ஹேண்ட்லர் ஓடாமலே போகும். பிழையைச் சரிசெய்து மறுபடி ஓட்டுவாய். கான்ஃபிக் ஏற்கெனவே மாறிவிட்டதால் ‘ஓகே’ என்று வரும், ஹேண்ட்லர் கூப்பிடப்படாது. எல்லாம் பச்சையாக இருக்கும், சர்வீஸ் மட்டும் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் தோற்றாலும் ஹேண்ட்லரை ஓட்டச் சொல்லும் ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ போட்டு ஓட்டுவது இதற்கு ஒரு வழி. இதைத் தேடிக் கண்டுபிடிக்க என் குழுவுக்கு ஒரு வகுப்பு முழுதும் தேவைப்பட்டது.

ஐந்தாவது வாரம் பயிற்சியாளர் நாங்கள் இல்லாத நேரத்தில் எங்கள் கிளவுட் கணக்குக்குள்ளும் சர்வர்களுக்குள்ளும் போய்ச் சில மாற்றங்களைச் செய்துவைத்தார். வந்து கண்டுபிடியுங்கள் என்றார். ஃபயர்வால் விதியில் செய்த மாற்றத்தை பிளான் காட்டிக்கொடுத்தது. கான்ஃபிக் கோப்பில் செய்ததை எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் ஆன்சிபிளின் ‘செக்’ ஓட்டம் காட்டியது. கையால் நிறுவிய ஒரு பேக்கேஜை மட்டும் எதுவும் காட்டவில்லை. நாங்கள் எழுதாத ஒன்றைப் பற்றி இரண்டுக்கும் தெரியாது. பிளேபுக்கிலிருந்து ஒரு வேலையை நீக்கினாலும் இதே கதைதான். டெர்ராஃபார்மில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அப்ளை செய்தால் கிளவுடிலும் அந்தப் பொருள் அழியும். ஆன்சிபிளில் எடுத்தால் சர்வரில் அது அப்படியே கிடக்கும், ‘ஆப்சென்ட்’ என்று எழுதிச் சொன்னால்தான் போகும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது, பயிற்சியில் மிகக் கடினமானது சர்வருக்குள் போகாமல் இருப்பது. நமக்கு ஏதாவது பிழை என்றால் கை தானாக எஸ்எஸ்ஹெச்சுக்குப் போகும். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று தெரியும், உண்மையிலேயே சரிசெய்தும் விடுவோம். அந்த 1024-ஐ உயர்த்தியவரும் அப்படி இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனவர்தான். இப்போது உள்ளே போய்ப் பார்க்கிறேன், காரணத்தைத் தேடுகிறேன், மாற்றத்தை வெளியே வந்து பிளேபுக்கில் எழுதி அங்கிருந்து ஓட்டுகிறேன். நடுராத்திரியில் அப்படி வெளியே வருவதற்கு நிறைய மனக்கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. இன்னும் முழுதாக வரவில்லை.

எந்தக் கருவி நிலைக்கும் என்று கேட்டிருந்தாய். மார்க் பர்ஜஸ் 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இதே வகைக் கருவியான சிஎஃப்எஞ்சினைத் தொடங்கினார். பிறகு பப்பெட், செஃப், 2012-இல் ஆன்சிபிள், 2014-இல் டெர்ராஃபார்ம். 2023-இல் டெர்ராஃபார்மின் உரிமம் மாறியதும் அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. இந்த இரண்டிலும் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றேதான், ஒன்றைப் பழகினால் மற்றதும் வரும். இதற்காகத் தயங்காதே.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேள். எனக்கென்று தனிக் கிளவுட் கணக்கு கிடைக்குமா? நான் கட்டியதை நானே உடைத்து மீட்கும் பாடம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்ந்துவிடு. சான்றிதழைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் பயிற்சிக் கோப்புகளை உனக்கு அனுப்புகிறேன். அந்த பக்கெட் பட்டியலைக் கவுன்ட்டோடு அப்படியே விட்டிருக்கிறேன், நீயும் ஒரு தடவை முதல் பெயரை எடுத்து பிளானை வாசித்துப் பார். ஆனால் எதையும் ஓட்டுவதற்கு முன் உன் கணக்கில் செலவு எச்சரிக்கை வைத்துவிடு. உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வே ஒன்றை மறந்து விட்டுவிட்டால் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் காசு ஏறிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை வைத்ததும் எனக்கு ஒரு வரி எழுது, ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து முதல் அப்ளையை ஓட்டலாம்.

அன்புடன்,
உன் நண்பன்