மெயில் பிரிண்ட் ஆகலன்னா மெயில் ப்ரோகிராமை ஏன் அழிக்கணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெட்வொர்க் பிரிண்டருக்கு மெயில் பிரிண்ட் போக மாட்டேங்குதுன்னு ஒரு வாசகர் கேட்டதுக்கு, மெயில் ப்ரோகிராமை அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கன்னு உங்க கம்ப்யூட்டர் கேள்வி-பதில் பகுதில பதில் வந்திருந்துச்சு. தயவுசெஞ்சு இந்த யோசனையை இனிமே யாருக்கும் சொல்லாதீங்க.

தண்டர்பேர்ட், அவுட்லுக் மாதிரி மெயில் ப்ரோகிராம் எதுக்குமே சொந்தமா பிரிண்டர் லிஸ்ட் கிடையாது, விண்டோஸ் என்ன வச்சிருக்கோ அதைத்தான் அதுவும் காட்டும், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்னா அதுல பிரிண்ட் வேலையைப் பாத்துக்கற கப்ஸ் (CUPS)ங்கற சாஃப்ட்வேர் வச்சிருக்கறதை. அதனால முதல்ல நோட்பேட்ல ரெண்டு வரி அடிச்சு அதே பிரிண்டருக்கு அனுப்பிப் பாக்கணும். அதுவும் வரலன்னா மெயில் ப்ரோகிராம் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல.

பாதி நேரம் பிரச்சனை ஐபி அட்ரஸ்தான், அதாவது நெட்வொர்க்ல பிரிண்டருக்கு ரவுட்டர் குடுக்கற நம்பர். பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ரவுட்டர் சில சமயம் வேற அட்ரஸ் குடுத்துடும், கம்ப்யூட்டர் பாட்டுக்கு பழைய அட்ரஸுக்கே அனுப்பிட்டு ஆஃப்லைன்னு காட்டிட்டு நிக்கும். ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு (ஒரு கருவிக்கு ஒரே ஐபிய ஒதுக்கி வைக்கற வசதி) இருக்கும், அதுல பிரிண்டரோட மேக் (MAC) அட்ரஸை, அதாவது அந்தக் கருவிக்கே உள்ள அடையாள எண்ணைப் போட்டு ஒரே ஐபிய கட்டிப் போட்டுடணும், அப்புறம் விண்டோஸ் தானா கண்டுபிடிச்ச பிரிண்டரை விட்டுட்டு, டிசிபி/ஐபி அட்ரஸ் குடுத்து சேக்கற வழியில போய் அந்த ஐபிய நாமளே அடிச்சு சேக்கணும். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர் 9100ங்கற போர்ட்ல, அதாவது நெட்வொர்க் வாசல் எண்ல, வேலைய வாங்கிக்கும், ஐபிபி (IPP)ங்கற பிரிண்டிங் முறைன்னா 631. கம்ப்யூட்டரோட பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் இதை மறிச்சா ஒண்ணும் நடக்காது.

சரி, நோட்பேட்ல வருது, மெயில்ல மட்டும் வரல. அப்பதான் மெயில் ப்ரோகிராம் பக்கம் திரும்பணும். தண்டர்பேர்ட் கடைசியா யூஸ் பண்ண பிரிண்டரோட பேரை ஞாபகம் வச்சிருக்கும், பிரிண்டரை எடுத்துட்டு மறுபடி சேத்தா விண்டோஸ் சில நேரம் பேருக்குப் பின்னாடி காப்பி 1னு ஒட்டிடும், தண்டர்பேர்ட் பழைய பேரையே தேடிட்டு இருக்கும். பிரிண்ட் விண்டோல சரியான பிரிண்டரை ஒரு தடவை செலக்ட் பண்ணா முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிடும். இந்த ஞாபகம் இருக்கறது நம்ம செட்டிங்ஸும் மெயிலும் இருக்கற ப்ரொஃபைல் ஃபோல்டர்ல, ப்ரோகிராமை அன்இன்ஸ்டால் பண்ணாலும் அது சும்மா அப்படியே கிடக்கும், அதாவது நீங்க சொன்ன வைத்தியம் நோய்கிட்டயே போகாது. அந்த ஃபோல்டரையும் சேத்து அழிச்சா, சர்வர்ல காப்பி விடாம பாப் (POP)ங்கற முறைல கம்ப்யூட்டருக்கு இறக்கி வச்ச மெயில் எல்லாம் போச்சு! அதுக்கு யார் பதில் சொல்றது?

விண்டோஸ் 10, 11ல இன்னொரு தொல்லை, டீஃபால்ட் பிரிண்டரை (நாம எதையும் செலக்ட் பண்ணலன்னா பிரிண்ட் போற பிரிண்டர்) விண்டோஸே பாத்துக்கற மாதிரி ஒரு ஆப்ஷன். அது ஆன்ல இருந்தா கடைசியா எதுல பிரிண்ட் எடுத்தோமோ அதுவே டீஃபால்ட் ஆயிடும், நாலஞ்சு பிரிண்டர் இருக்கற ஆபீஸ்ல இதை மொதல் வேலையா ஆஃப் பண்ணிடணும்.

டீஃபால்ட் பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பழைய அவுட்லுக்ல பிரிண்ட் ஆப்ஷன்ஸ் உள்ள போனா அட்டாச்மென்ட்டையும் சேத்து பிரிண்ட் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், பக்கத்துலயே அட்டாச்மென்ட் டீஃபால்ட் பிரிண்டருக்கு மட்டும்தான் போகும்னு சின்னதா எழுதியிருக்கும். யாரும் அதைப் படிக்கறதில்ல. மெயில் நம்ம பக்கத்துல இருக்கற பிரிண்டர்ல வரும், அதோட வந்த சம்பள விவரம் வேற மாடில ட்ரேல கிடக்கும், போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். அட்டாச்மென்ட்டை தனியா திறந்து, பிரிண்டரைப் பாத்து செலக்ட் பண்ணி அனுப்பறதுதான் நல்லது.

அந்த வாசகர் இன்னும் எதையும் அழிக்காம இருந்தா நல்லது, அடுத்த இதழ்லயே திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்