பிழையை எண்ணினீர்கள், நேரத்தை?

குழந்தைகளின் வாசிப்புச் சிக்கலை ஆராயும் அறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். படிக்கத் திணறும் குழந்தைகளுக்குத் தமிழ் வாசிப்புப் பயிற்சி தருவது என் வேலை. உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவள். அவற்றால் நான் பெற்ற பயன் கொஞ்சநஞ்சமல்ல. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கூர்மையான பிள்ளை, எழுத்து மட்டும் பிடிபடவில்லை. அன்று அதற்குச் 'சொற்குருடு' என்று பெயர்; இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். பெரும்பாலான குழந்தைகளிடம் சிக்கலின் வேர் கண்ணில் இல்லை, பேச்சொலிகளைப் பிரித்தறிவதில் இருக்கிறது என்று பின்னால் வந்த உங்கள் தலைமுறைகள் நிறுவின. அறிவுத்திறனுக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது என்றும் காட்டின. மக்கு, சோம்பேறி என்று பட்டம் கட்டும் பெரியவர்களிடம் வாதாட எனக்குத் துணை நிற்பவை அந்த ஆய்வுகள்தான்.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல். 'டிஸ்லெக்சியா உள்ள குழந்தை' என்று நீங்கள் பொதுப்படையாக எழுதும்போது, பெரும்பாலும் உங்கள் மனத்தில் இருப்பது ஆங்கிலம் படிக்கும் குழந்தை. எழுத்துக்கும் ஒலிக்கும் ஏறுமாறான உறவு கொண்ட மொழி அது. 2003இல் சீமோரும் அவருடைய சகாக்களும் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பழகிய எளிய சொற்களைப் பிழையின்றிப் படித்ததில் பின்லாந்து, கிரேக்கக் குழந்தைகள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஆங்கிலம் படித்த குழந்தைகள் 34 சதவீதத்தில் நின்றார்கள். 2008இல் டேவிட் ஷேர் இதை வெளிப்படையாகவே சொன்னார்: ஆங்கிலம் கூட்டத்தில் சேராத ஒரு விதிவிலக்கு, அதை வைத்து எழுப்பிய கோட்பாடுகளை மற்ற மொழிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. அதன் பிறகும் விதிவிலக்குத்தான் அளவுகோலாக இருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். என்னிடம் வரும் ஒரு நான்காம் வகுப்புச் சிறுமியைப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தில் அவள் விரல் முதலில் ஒற்றைக் கொம்பின் கீழ் நிற்கிறது. அது தனியாக ஒலிக்காது. எனவே ககரத்துக்கு நகர்கிறது. அதையும் தாண்டிக் காலைத் தொட்ட பிறகுதான் உதடு கூடி 'கொ' பிறக்கிறது. 'கேட்டுக்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல், 13 எழுத்துகள். கடைசி எழுத்துக்கு வரும்போது தொடக்கம் நழுவிவிடுகிறது. திரும்பவும் 'கே' என்று ஆரம்பிக்கிறாள். பத்தி முடிந்தபோது ஒரு பிழைகூட இல்லை. யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்றேன். பதிலுக்கு விரல் மறுபடி முதல் வரிக்குப் போகிறது.

பிழைகளை மட்டும் எண்ணும் சோதனையில் இவள் முழு மதிப்பெண் வாங்குவாள். வாங்கியும் இருக்கிறாள். குறைபாடு இல்லை என்று சான்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜெர்மன் மொழிக் குழந்தைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1993இலேயே இதைத்தான் கண்டார்: எழுத்தும் ஒலியும் நேராக ஒத்துப்போகும் மொழியில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட மெதுவாகப் படிப்பதாகவே வெளிப்படுகிறது. இத்தனை ஆண்டுகள் போதாதா, இந்தச் செய்தி சோதனைத் தாள்களை எட்டுவதற்கு?

தமிழின் எழுத்தமைப்பு ஐரோப்பிய எழுத்துகளைப் போன்றதும் அன்று. 247 எழுத்துகள்; அவற்றில் 216 உயிர்மெய். கண்ணுக்கு ஓர் அசை, காதுக்கு இரண்டு ஒலிகள். 26 எழுத்துகளைச் சில மாதங்களில் முடித்துவிடும் குழந்தையை மனத்தில் வைத்து வகுத்த கால அட்டவணை இங்கே செல்லாது. கன்னடம் படிக்கும் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்பதே தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் நீள்கிறது என்றும், தனி ஒலிகளைப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது என்றும் காட்டியது. அப்படியென்றால் எந்த வயதில் எவ்வளவு தாமதம் கவலைக்குரியது? தமிழுக்கு என்று வயதுவாரியான விரிவான அளவுகோல் ஒன்று கைக்கு எட்டினால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. எங்கள் குழந்தை பேசுவது 'இருக்கு', புத்தகத்தில் பார்ப்பது 'இருக்கிறது'. அவள் வாயில் என்றுமே புழங்காத வடிவத்தை எழுத்துக்கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அரபு மொழியில் இதே இடைவெளியை எலினோர் சாயிக்-ஹத்தாத் ஆராய்ந்து, பேச்சில் இல்லாத ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கூடுதலாகச் சிரமப்படுவதைக் கண்டார். உங்களில் யாராவது தமிழிலும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

மூளை ஆய்விலும் கேள்வி தீர்ந்தபாடில்லை. 2001இல் பவ்லேசு குழு இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் மூளையில் ஒரே குறையைக் கண்டது. 2004இல் சியோக் குழு சீன மொழி படிப்பவர்களிடம் வேறோர் இடத்தைச் சுட்டியது. மரபணுப் பக்கம், 2022இல் 42 மரபணு இடங்களை அறிவித்த பெரும் ஆய்வு, 'உங்களுக்கு டிஸ்லெக்சியா என்று யாராவது கண்டறிந்து சொன்னார்களா' என்ற கேள்விக்கு ஐரோப்பிய வம்சாவளியினர் தந்த பதிலின் மேல் நிற்கிறது. பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் கண்டறியப்படாமலே வளர்ந்துவிட்டவர்கள் அதில் எந்தப் பக்கம் எண்ணப்பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். (வண்ணக் கண்ணாடி போட்டால் டிஸ்லெக்சியா சரியாகிவிடும் என்று விற்பவர்களை இங்கே இழுக்கவில்லை; அவர்களை நீங்களே போதுமான அளவு மறுத்துவிட்டீர்கள்.)

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் 1990களிலிருந்து, குடும்பத்தில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தது. பச்சிளங்குழந்தையின் மூளை பேச்சொலியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதிலேயே வேறுபாடு தெரிந்தது. சிறிய மொழி, சிறிய நாடு. ஆனாலும் தங்கள் மொழியிலேயே தொடங்கினார்கள்.

எனவே என் கோரிக்கைகள் இரண்டே. வாசிப்புச் சோதனை எந்த மொழிக்காக இருந்தாலும் பிழையோடு நேரத்தையும் அளவிடுங்கள். அந்தந்த மொழியின் குழந்தைகளை வைத்தே எல்லையை வகுங்கள். அடுத்து, ஆங்கிலக் குழந்தைகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் அதைக் கட்டுரைத் தலைப்பிலேயே போடுங்கள். தலைப்பு நீண்டுவிடும் என்று இதழாசிரியர்கள் முணுமுணுக்கலாம். கன்னடத்தையும் அரபையும் ஆராய்கிறவர்கள் மொழியின் பெயரைத் தலைப்பில் தாங்கித்தானே வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசிப்புப் பயிற்சி ஆசிரியை