பறவையின் கால்வளையம் கிடைத்தால் யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடியக்கரை என்றாலே பனிக்காலத்துப் பூநாரைக் கூட்டத்தைத்தான் பத்திரிகைகள் படம் போடுகின்றன. கோடையில் அங்கே ஒன்றுமில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வலசை வரும் உள்ளான் என்ற கரையோரப் பறவைகளில் இளம் பறவைகள் பல, வடக்கே திரும்பாமல் கோடையை இங்கேயே கழிக்கும். காட்டுக்குள் உள்ளூர்ப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமும் அதுதான்.

இந்த மே மாதம் அங்கே பறவைகளுக்கு, பின்னால் அடையாளம் காண்பதற்காகக் கால்வளையம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடியும் முன்பே புதர்களுக்கு நடுவே மெல்லிய வலை கட்டிவிட்டார்கள். சிக்கிய ஒரு கொண்டைக்குருவியை, அதன் கழுத்து இரண்டு விரல்களுக்கு இடையே வரும்படி லேசாகப் பிடித்துக்கொண்டு, வயிற்று இறகை வாயால் ஊதிக் காட்டினார் ஆய்வாளர். அடியில் இறகே இல்லாமல் தோல் சிவந்து சுருங்கியிருந்தது. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படுவதற்காக, அடைகாக்கும் பறவைக்கு அந்த இடத்தில் இறகு உதிர்ந்துவிடுமாம். அப்புறம் இறக்கையை அளந்து, எடை பார்த்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தை இடுக்கியால் மூடிச் சட்டென்று விட்டுவிட்டார். வெயில் ஏறுவதற்குள் வலையையும் சுருட்டியாயிற்று.

இத்தனை பாடும் பலன் தருவது, அந்த வளையத்தை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான். கோடியக்கரையில் வளையமிட்ட பறவைகள் ரஷ்யாவில் கிடைத்ததும், அங்கே யாரோ எண்ணைக் குறித்து எழுதியதும்தான் அவற்றின் பாதையை நமக்குக் காட்டின. நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? வயலிலோ உப்பளத்திலோ செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையத்தைப் பார்த்தால், நம் ஆட்கள் ‘எதற்கு வம்பு’ என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உளவுப் பறவை என்று பயப்படுபவர்களும் உண்டு. கொக்கு, மடையான் பிடிப்பவர்கள் கையில் கிடைத்தால் சொல்லவே வேண்டாம், வழக்குக்குப் பயந்து மறைத்துவிடுவார்கள். வளையத்தில் இருப்பதோ ஆங்கில எழுத்து.

வளையத்தின் எண், கிடைத்த இடம், தேதி, உயிரோடு இருந்ததா இல்லையா என்ற விவரம் போதும். அதை வனத்துறை அலுவலகத்திலோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவிக்கலாம். தகவல் கொண்டு வருபவரைக் குற்றவாளிபோல் விசாரிக்கக் கூடாது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஊர்களிலும் மீன் இறங்கும் துறைகளிலும் இதைத் தமிழில் எழுதி வைக்க வனத்துறை முன்வர வேண்டும். உங்கள் நாகை, திருவாரூர் பதிப்புகளிலும் ஒரு பெட்டிச் செய்தியாக, வளையத்தின் படத்தோடு, அடுத்த வலசைக்கு முன்பே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேதாரண்யம்